செப்பேடு முதல் செப்புக் கம்பி வரை: ஓர் உலோகத்தின் வரலாற்றில் நம் இடம்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் எழுத்தையோ இயக்கப் பணியையோ எடுத்துப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு நாம் செம்பைப் பற்றிப் பேசுகிறோம். அதற்குக் காரணம் இருக்கிறது. நாளிதழ்களின் வணிகப் பக்கத்தில் மட்டும் வந்துகொண்டிருந்த ஒரு வாதம் இப்போது தலையங்கத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வந்துவிட்டது. மின்சாரக் கார், சூரிய மின்தகடு, காற்றாலை, செயற்கை நுண்ணறிவை இயக்கும் தரவு மையம் என எல்லாவற்றுக்கும் செம்பு வேண்டும். நாட்டில் போதிய செம்பு இல்லை. ஆகவே உள்நாட்டிலேயே தோண்ட வேண்டும். தடுப்பவர் வளர்ச்சிக்கு எதிரி. இதுதான் அந்த வாதம்.

இதற்கு நாம் என்ன பதில் சொல்லப்போகிறோம்? 'சுரங்கமே வேண்டாம்' என்று சொல்வோர் நம்மில் இருக்கிறார்கள். 'நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்குமா' என்று கேட்போரும் நம்மில்தான் இருக்கிறார்கள். இருவர் குரலிலும் அனுபவம் பேசுகிறது. ஒருவரை ஒருவர் துரோகி என்று சொல்லிக்கொள்வதற்கு முன்னால், இந்த உலோகம் யார் கைவழியாக வந்தது, யார் வீட்டில் போய்ச் சேர்ந்தது என்று வரலாற்றைப் பார்த்துவிடலாம்.

1. தேவை உண்மைதான்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். செம்பின் தேவை யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை. வெள்ளிக்கு அடுத்தபடியாக மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் செம்பு. ஒரு பெட்ரோல் காரில் ஏறத்தாழ 20 கிலோ செம்பு இருக்கும் என்றால், முழுமையான மின்சாரக் காரில் 80 கிலோ வரை இருக்கிறது. உலகம் ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கும் மேல் சுத்திகரித்த செம்பைப் பயன்படுத்துகிறது. சுரங்கச் செம்பில் நான்கில் ஒரு பங்கை ஒட்டி சிலி நாடு ஒன்றே தருகிறது. இந்திய உருக்காலைகள் உருக்கும் தாதுவில் மிகப் பெரும்பகுதி கப்பலில்தான் வந்து இறங்குகிறது. 2023 இல் ஒன்றிய அரசு முக்கியக் கனிமங்கள் என்று 30 கனிமங்களைப் பட்டியலிட்டபோது அதில் செம்பும் இடம்பெற்றது. அதே ஆண்டு சுரங்கச் சட்டம் திருத்தப்பட்டு, ஆழத்தில் கிடக்கும் செம்பு, தங்கம் போன்றவற்றைத் தேட தனியாருக்கு ஆய்வு உரிமம் வழங்க வழி செய்யப்பட்டது.

இனி ஒரு சிறு கணக்கு. இந்தியத் தாதுவில் செம்பின் அளவு நூற்றுக்கு ஒன்றை ஒட்டித்தான். நூறு கிலோ தாதுவை வெட்டி, ஏற்றி, அரைத்தால் ஒரு கிலோ செம்பு. ஒரு மின்சாரக் காருக்கு எட்டு டன் தாது. செம்பு போக மீதி 7,920 கிலோவும் அரைத்த சேறாக அந்த ஊரிலேயே தங்கிவிடும். தாதுவை எட்டுவதற்காக அகற்றும் வெறும் பாறை இந்தக் கணக்கில் இல்லை. கார் ஓடுவது ஓர் ஊரில், சேறு தங்குவது வேறோர் ஊரில். இந்த இரண்டாவது ஊர் எது, அதில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

2. செப்பேட்டில் இருப்பவரும் இல்லாதவரும்

தமிழ் நிலத்தில் செம்புக்கு நெடுங்காலமாக ஒரு பெரிய வேலை இருந்தது. நிலம் யாருடையது என்று சொல்வதே அந்த வேலை. ஓலை மக்கும், செம்பு மக்காது. அதனால் அரசர்கள் பிராமணர்க்கும் கோயிலுக்கும் கொடுத்த ஊர்களைச் செப்பேட்டில் வெட்டினார்கள்.

எட்டாம் நூற்றாண்டு வேள்விக்குடிச் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். பாண்டியன் நெடுஞ்சடையனிடம் ஒருவர் முறையிடுகிறார். தம் முன்னோர்க்கு முதுகுடுமிப் பெருவழுதி கொடுத்த ஊரைக் களப்பிரர் பறித்துக்கொண்டனர், திருப்பித் தர வேண்டும் என்கிறார். நாட்டாரைக் கொண்டு பழமையைக் காட்டச் சொல்கிறான் அரசன். அவர் காட்டுகிறார், ஊர் கிடைக்கிறது. பல தலைமுறைக்கு முன்பு போன நிலம், வாய்ச் சாட்சியத்தின் பேரில் திரும்பி வந்து, செம்பில் ஏறி நிலைத்துவிட்டது. முறையிட யாருக்கு வழி இருந்தது, யார் சொன்னால் சாட்சியம் ஆகும் என்பதை இந்த ஓர் ஏடே காட்டிவிடுகிறது.

அந்த ஊர்களில் உழுதவர்கள் எங்கே இருந்தார்கள்? தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு விடப்பட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி இல்லை என்று கழித்துச் சொல்லும் பட்டியலில் பறைச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி வருகிறது, கம்மாளர் வாழ்ந்த கம்மாணச்சேரியும் வருகிறது. குளத்தோடும் சுடுகாட்டோடும் சேர்த்து எண்ணப்பட்ட இடங்கள் அவை. செப்பேடுகள் பலவற்றின் கடைசியில் எழுத்து வெட்டிய தட்டான் பெயராவது இருக்கும். அந்தச் செம்பை மண்ணிலிருந்து எடுத்தவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

3. தூய உலோகமும் தீண்டத்தகாத கையும்

செம்பை எடுத்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள இமயமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும். இன்றைய உத்தராகண்டின் குமாவுன் பகுதியில் செம்புத் தாது உண்டு. அல்மோராவில் செம்புப் பாத்திரம் அடிக்கும் மக்களுக்கு டம்டா என்று பெயர். தாமிரம் என்ற சொல்லிலிருந்தே அந்தப் பெயர் வந்தது என்பார்கள். அவர்கள் பட்டியல் சாதியினர்.

இங்கே சற்று நிற்க வேண்டும். வைதிக மரபில் செம்பு மிகத் தூய்மையான உலோகம். பூசைக்குச் செம்புக் குடம், தீர்த்தத்துக்குச் செம்புப் பாத்திரம். அதை அடித்து உருவாக்கியவரோ கோயிலுக்கு வெளியே நிற்க வேண்டும். பண்டத்தில் ஏறும் தூய்மை, பண்டத்தைச் செய்த கைக்கு ஏறுவதில்லை. தீட்டு என்பது அசுத்தமான தொழிலால் வந்தது என்று சமூகவியல் வகுப்பில் இன்றும் சிலர் விளக்குகிறார்கள். டம்டாக்களின் தொழிலில் என்ன அசுத்தம்? சாதி முதலில் ஆளைக் கீழே வைத்தது. தொழிலைப் பற்றிய விளக்கம் பின்னால் வந்தது.

அந்த மக்கள் சும்மா இருந்துவிடவில்லை. அல்மோராவில் ஹரி பிரசாத் டம்டா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அமைப்பு கட்டினார். இழிபெயர்களை மறுத்து 'சில்பகார்' என்ற பெயருக்கு அரசு ஏற்பைப் பெற அவரும் தோழர்களும் போராடினார்கள். 1934 இல் 'சமதா' என்ற இதழைத் தொடங்கினார். சமத்துவம் என்று பொருள். பிற்காலத்தில் லட்சுமி தேவி டம்டா என்ற பெண் அதன் ஆசிரியராக இருந்தார். நம் பண்டிதர் அயோத்திதாசர் சென்னையில் 'தமிழன்' நடத்தியதையும் இதையும் ஒரே வரலாறாகச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

டம்டாக்களின் கைத்தொழிலை நசுக்கியது தொழிற்சாலைத் தகடும் எந்திரப் பாத்திரமும். இங்கிருந்து பெருஞ்சுரங்கங்களின் காலம் தொடங்குகிறது.

4. சிங்பூம்: தோண்டப்பட்ட ஊர்

இன்றைய ஜார்க்கண்டின் கிழக்கு சிங்பூம் மாவட்டத்தில், சுவர்ணரேகா ஆற்றை ஒட்டி ஒரு செம்புப் பட்டை ஓடுகிறது. சந்தால், ஹோ, முண்டா, பூமிஜ் மக்களின் நிலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராக்கா மலையில் கேப் காப்பர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி தோண்டியது. பின்னர் இந்தியன் காப்பர் கார்ப்பரேஷன் வந்தது. மொசாபோனியில் சுரங்கம், மௌபண்டாரில் உருக்காலை. விடுதலைக்குப் பின்னும் பல ஆண்டுகள் இந்தியச் செம்பு என்றால் பெரிதும் இந்த ஊர்தான்.

1967 இல் இந்துஸ்தான் காப்பர் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1972 இல் சிங்பூம் சுரங்கங்கள் நாட்டுடைமையாகி அதன் கைக்கு வந்தன. ராஜஸ்தானின் கேத்ரியும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டும் அதே நிறுவனத்தின் சுரங்கங்கள். பொதுத்துறை வந்ததால் இட ஒதுக்கீடு வந்தது, நிரந்தர வேலை வந்தது, குடியிருப்பும் மருத்துவமனையும் பள்ளியும் வந்தன. இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. இந்த நாட்டில் ஆதிவாசி, தலித் குடும்பங்கள் பலவற்றுக்கு முதல் சம்பளச் சீட்டு இப்படித்தான் கிடைத்தது.

1991 க்குப் பிறகு காற்று திசை மாறியது. இறக்குமதிச் செம்பு மலிவாகக் கிடைத்தது. ஆழத்திலிருந்து எடுக்கும் உள்நாட்டுச் செம்பு கட்டுப்படியாகாது என்றார்கள். 1990 களின் இறுதியில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளுக்குள் மொசாபோனி, ராக்கா சுரங்கங்கள் மூடப்பட்டன. உள்நாட்டுச் சுரங்கம் தேசத்தின் உயிர்நாடி என்று இன்று பேசுபவர்கள் அன்று எங்கே இருந்தார்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உலகச் சந்தையில் விலை இறங்கியபோது அந்த ஊர் தேவையில்லாத ஊர் ஆனது. விலை ஏறியதும் தேசப்பற்று திரும்பி வந்துவிட்டது.

சுரங்கம் மூடிய ஊர் பழைய ஊராகத் திரும்புவதில்லை. வயல் போய்விட்டது, காடு குறைந்துவிட்டது, பிள்ளைகள் உழவை மறந்துவிட்டார்கள். அதே மொசாபோனி, டுமரியா வட்டாரங்களில் குவார்ட்ஸ் கல்லை மாவாக அரைக்கும் சிறு ஆலைகள் வந்தன. அங்கே வேலை பார்த்த பலர் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோயால் இறந்தார்கள். கல்தூள் நுரையீரலில் படிந்து அதைத் தழும்பாக்கிவிடும் நோய் அது. குணமாக்கும் மருந்து கிடையாது. தூசியைத் தடுக்க முடியும். தண்ணீர் தெளிக்கலாம், தூசியை உறிஞ்சும் கருவி வைக்கலாம். செலவு ஆகும். அந்தச் செலவை மிச்சம் பிடித்ததைத்தான் தொழிலாளி தன் மூச்சால் கட்டினான்.

மூடிய சுரங்கங்களை மீண்டும் திறக்கும் பேச்சு இப்போது நடக்கிறது. குத்தகை பொதுத்துறையின் பெயரில், தோண்டுவதும் இயக்குவதும் தனியார் நிறுவனம் என்பது புதிய ஏற்பாடு. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. கனிமம் பொதுச்சொத்தாகவே இருக்கும். ஆனால் வேலை ஒப்பந்தக்காரர் கைக்குப் போகும். ஒப்பந்த வேலைக்கு இட ஒதுக்கீடு இல்லை. 1972 இல் கிடைத்தது எது, இப்போது கிடைக்கப்போவது எது என்ற வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

5. நம் சொந்தச் சாட்சியம்: தங்கவயல்

சிங்பூம் எங்கோ இருக்கிறது என்று நினைக்கும் தமிழ் மாணவர்களுக்கு, நம் மக்களே தோண்டிய ஒரு சுரங்கத்தை நினைவூட்டுகிறோம். அது செம்பு இல்லை, தங்கம். பாடம் ஒன்றுதான்.

1880 இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் தோண்டத் தொடங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பறையர் குடும்பங்கள் சாரைசாரையாகப் போயின. பண்ணையாரிடமிருந்து தப்பிக்க அது ஒரு வழி. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம். 1902 இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையம் தொடங்கியபோது, அந்த மின்சாரம் ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பி வழியாக முதலில் போனது தங்கவயல் எந்திரங்களுக்குத்தான். பெங்களூர்த் தெருவிளக்குக்கு மின்சாரம் வந்தது அதற்குப் பிறகுதான்.

அந்தச் சுரங்கம் நமக்குக் கூலியை மட்டும் தரவில்லை. மாரிகுப்பத்தில் சாக்கிய பௌத்த சங்கக் கிளை எழுந்தது. 'தமிழன்' இதழின் வாசகர்கள் அங்கே திரண்டார்கள். 1930 இல், தொழிலாளியைக் குற்றவாளிபோல் கைரேகை எடுத்துப் பதியும் முறையை எதிர்த்து வேலைநிறுத்தம் நடந்தது. ஊரில் பண்ணையாள், சுரங்கத்தில் சங்கத் தொழிலாளி: இந்த மாற்றத்தை மறுப்பவர் வரலாறு அறியாதவர்.

அதன் முடிவையும் மறக்க முடியாது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. மிச்சம் இருப்பவை சயனைடு மேடுகள். காற்றடித்தால் அந்தத் தூள் குடியிருப்புகளின் மேல்தான் வந்து விழும். ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். நான்கு தலைமுறை உழைத்த மண்ணில் வீட்டுக்குப் பட்டா கேட்டு நிற்க வேண்டிய நிலை. தங்கம் போன இடம் தெரியும்; நம்மவர் நின்ற இடமும் தெரியும். இடைப்பட்ட கணக்கை யாரும் தீர்க்கவில்லை.

6. அண்ணலும் மின்சாரமும்

'அப்படியானால் எல்லாச் சுரங்கத்தையும் எதிர்த்துவிட வேண்டியதுதானே' என்று இளம் தோழர்கள் கேட்பது நியாயம். இங்கே அண்ணல் அம்பேத்கரைத் துணைக்கு அழைக்கிறோம்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் இருந்தது. மின்சாரமும் பாசனமும் அதே துறையில்தான் இருந்தன. போருக்குப் பிந்தைய மின்வளர்ச்சி பற்றிய குழுவுக்குத் தலைமை வகித்து 1943 இல் அவர் வைத்த வாதம் தெளிவானது. இந்தியாவின் வறுமைக்கு மருந்து தொழில்மயம்; தொழில்மயத்துக்கு மலிவான, தாராளமான மின்சாரம் வேண்டும்; அது லாபக்காரர் கையில் இருக்கக் கூடாது, அரசின் கையில் இருக்க வேண்டும். கிராமத்தின் இருட்டை அவர் ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை. சேரிக்கு மின்கம்பி வர வேண்டும் என்பவர், அந்தக் கம்பியின் செம்பையும் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதே அண்ணல் 1943 டிசம்பரில் தன்பாத் நிலக்கரிச் சுரங்கத்துக்கு நேரில் போனார். சுரங்கத் தொழிலாளர் நலநிதி அவர் காலத்தில் வந்தது. சுரங்கப் பெண்களின் மகப்பேற்றுச் சட்டம் வலுப்பெற்றதும் அப்போதுதான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் நிலக்கரி போதவில்லை என்று, பெண்களைச் சுரங்கத்துக்குள் இறக்கக் கூடாது என்ற தடையை 1943 இல் அரசு தளர்த்தியது. அது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆணுக்குள்ள கூலியே பெண்ணுக்கும் என்ற நிபந்தனை அதனுடன் இருந்தது. அதை அண்ணல் சட்டசபையில் எடுத்துச் சொன்னார். 1946 இல் தடை மீண்டும் வந்தது. நாட்டின் அவசரம் என்று ஒரு சொல் வந்தால், நம் தலைவரே நாற்காலியில் இருந்தபோதும் முதலில் வளைவது கீழே இருப்பவரின் பாதுகாப்புத்தான். 'முக்கியக் கனிமம்' என்ற இன்றைய சொல்லையும் நாம் அந்த எச்சரிக்கையோடு கேட்க வேண்டும்.

7. தூத்துக்குடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள்

உள்நாட்டுச் சுரங்கம் வேண்டும் என்ற பேச்சில் தூத்துக்குடியின் பெயர் அடிக்கடி வருகிறது. ஸ்டெர்லைட்டை மூடியதால்தான் நாடு செம்பை இறக்குமதி செய்கிறது என்கிறார்கள். அந்த ஆலை ஆண்டுக்கு 4 லட்சம் டன் திறன் கொண்டது. அது மூடிய பின் இந்தியா சுத்திகரித்த செம்பை ஏற்றுமதியை விட அதிகமாக இறக்குமதி செய்யும் நாடானது. இதுவரை சரி. ஆனால் அந்த ஆலை உருக்கியதும் வெளிநாட்டிலிருந்து வந்த தாதுவைத்தான். அப்போது இறங்கியது தாது, இப்போது இறங்குவது உலோகம். சார்பு அன்றும் இருந்தது. தூத்துக்குடி மக்கள் எந்தச் சுரங்கத்தையும் மூடவில்லை.

மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரியில் எதிர்ப்பு எழுந்ததால் இடம் பெயர்ந்து வந்த ஆலை அது. சுற்றுச்சூழல் சீர்கேட்டுக்காக 2013 இல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் கட்டச் சொன்னது. 2018 மே 22 அன்று தொடங்கிய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் கொல்லப்பட்டார்கள். 2024 பிப்ரவரியில் ஆலையைத் திறக்கக் கோரிய மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. இத்தனைக்குப் பிறகும் அந்த மக்களை இறக்குமதிப் புள்ளிவிவரத்தின் குற்றவாளிகளாக நிறுத்துவது, கொன்ற பின்னும் வழக்குப் போடுவதற்குச் சமம்.

8. காயலான் கடையும் ஒரு சுரங்கம்

செம்புக்கு ஒரு சிறப்பு உண்டு. எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது. பழைய மோட்டார், கம்பி, கணினி எல்லாவற்றிலும் தாதுவில் இருப்பதைவிடப் பல மடங்கு செம்பு இருக்கிறது. தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் நம் ஊர்க் காயலான் கடைகளிலும் அதைப் பிரித்தெடுப்பவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் ஏழை முஸ்லிம்களும்தான். வயரின் மேல் உறையைக் கொளுத்திச் செம்பை எடுக்கும்போது வரும் புகையில் டயாக்சின் போன்ற கொடிய நச்சுகள் உண்டு. கையுறை இல்லை, முகக்கவசம் இல்லை, பதிவும் இல்லை.

உள்நாட்டுச் செம்பு வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. முக்கியக் கனிமங்களை மறுசுழற்சி செய்ய 2025 இல் ஒன்றிய அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்திருக்கிறது. அது பெரிய ஆலைகளோடு நின்றுவிடுமா, வயர் உரிக்கும் கைக்கும் ஓர் எந்திரமும் கூட்டுறவும் மருத்துவ அட்டையும் வருமா? இதைக் கேட்க வேண்டியவர்கள் நாம்தான். நாம் கேட்காவிட்டால், மறுசுழற்சி என்ற நல்ல சொல்லின் பெயரிலேயே அந்த வேலையும் நம்மவரிடமிருந்து பறிபோகும்.

9. நாம் முன்வைப்பவை

செப்பேடு காலத்திலிருந்து இன்றுவரை ஒரு நூல் அறுபடாமல் வருகிறது. செம்பு வேண்டுமா வேண்டாமா என்று நம்மை யாரும் கேட்டதில்லை. நம் கேள்வியும் அதுவாக இருக்கத் தேவையில்லை. எந்த உரிமையோடு, எந்தக் கணக்கோடு என்பதே நம் கேள்வி. அதன்படி ஐந்து கோரிக்கைகளை இந்த மேடையில் வைக்கிறோம்.

முதலாவது, ஒப்புதல். ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளில் கிராம சபைக்கு 1996 இன் பெசா சட்டமும் 2006 இன் வன உரிமைச் சட்டமும் இடம் கொடுத்திருக்கின்றன. ஆதிவாசி நிலத்தைத் தனியார் சுரங்கத்துக்குக் குத்தகை விடக் கூடாது என்று 1997 இல் சமதா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2013 இல் நியம்கிரியில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 12 கிராம சபைகளும் சொல்லிக் காட்டின. முக்கியக் கனிமம் என்ற முத்திரை இந்த உரிமையைத் தாண்டிப் போகக் கூடாது.

இரண்டாவது, நிலமற்றவரின் பங்கு. இழப்பீடு பட்டாவைத் தேடித்தான் போகிறது. சுரங்க ஊர்களில் தலித்துகள் பெரும்பாலும் கூலிகள், அவர்களிடம் பட்டா இல்லை. 2013 இன் நிலம் கையகப்படுத்தல் சட்டம் வாழ்வாதாரம் இழக்கும் விவசாயக் கூலியையும் பாதிக்கப்பட்டவராக ஏற்கிறது. ஆனால் கூலிக்குப் போனதை நிரூபிக்கக் கூலியிடம் என்ன காகிதம் இருக்கிறது? வேள்விக்குடியில் நாட்டார் சாட்சியம் போதுமானதாக இருந்தது. இங்கும் ஊர்ச் சாட்சியம் போதும் என்று விதி செய்யட்டும்.

மூன்றாவது, வேலை. கனிமம் பொதுச்சொத்து என்றால் அதைத் தோண்டும் வேலையிலும் இட ஒதுக்கீடு இருக்க வேண்டும், இயக்குபவர் தனியார் ஆனாலும்.

நான்காவது, மூச்சு. சுரங்கத்திலும் அரைப்பாலையிலும் காயலான் கடையிலும் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும், ஒப்பந்தத் தொழிலாளி உட்பட, நுரையீரல் பரிசோதனைப் பதிவு வேண்டும். சிலிக்கோசிஸ் வேலையை விட்டுப் பல ஆண்டு கழித்தும் தலைகாட்டும். ஆகவே சுரங்கம் மூடினாலும் பொறுப்பு மூடக் கூடாது.

ஐந்தாவது, முடிவுக்கான பணம். எந்தச் சுரங்கமும் ஒருநாள் மூடப்படும். மண்ணைச் சீராக்கவும், குடியிருப்புக்குப் பட்டா தரவும், மாற்றுத் தொழில் அமைக்கவும் தேவையான நிதியைத் திறக்கும் நாளிலேயே கட்டிவைக்கச் சொல்வோம். 2015 முதல் மாவட்டக் கனிம அறக்கட்டளை என்று ஒரு நிதி இருக்கிறது. அதன் குழுவில் யார் அமர்ந்திருக்கிறார்கள், பணம் எந்தத் தெருவுக்குப் போகிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பாருங்கள். இங்கே இருக்கும் மாணவர்கள் ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தால், அதுவே இந்த நினைவு நாளுக்குச் செய்யும் மரியாதை.

இந்தக் கோரிக்கைகளை ஏற்கும் சுரங்கம் இருந்தால் அதைப் பற்றிப் பேசத் தயார். ஏற்காத சுரங்கத்தை உள்நாட்டுச் சுரங்கம் என்று அழைத்தாலும், அது நமக்கு வெளிநாட்டுக் கம்பெனியின் சுரங்கம்தான்.

ஜெய்பீம்.